நான்கு அங்குலம்

நீதிமன்றத் தாளில் வீடு எனக்கு, நாய்கள் வெண்டலுக்கு.
பனி தள்ளும் எந்திரத்தைக்கூட மறக்காமல் எழுதியிருந்தார்கள்.
முப்பத்து நான்காம் வருடத்து ஃபோர்டைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
நாங்களும் வாய் திறக்கவில்லை.
அப்போது அது காரே இல்லை.
டெஷ்கேயின் வயலோரம் காற்றுத்தடுப்பு மரங்களுக்கிடையில்
இருக்கைச் சுருளைத் துளைத்து ஓர் எல்ம் கன்று வளர்ந்திருக்க,
இரண்டு கன்றுக்குட்டிகளைக் கொடுத்து வாங்கிவந்த
துரு.

வியாழன் மாலைகளில் வருவான்.
முன்வாசல் பக்கம் வரமாட்டான்.
கொட்டகைக் கதவைத் தட்டுவான், திறந்திருந்தாலும்.
பிடி. விடாதே. கொஞ்சம் மேலே. இப்போது விடு.
அவ்வளவுதான் பேச்சு.
பத்தொன்பது வருட மணவாழ்வில் எனக்கு வாய்க்காத
நல்ல உரையாடல்.

எஞ்சின் ஓல்ட்ஸ்மொபில்.
அல்லையன்ஸ் ஊரில் ஒரு சவ ஊர்தியிலிருந்து கழற்றியது.
பன்னிரண்டாயிரம் மைல்தான் ஓடியிருந்தது,
எல்லாம் நடைவேகத்தில்.
மூன்று கார்புரேட்டர்களை அதன் தலையில் ஏற்றி
முதல்முறை உயிர் கொடுத்தபோது
கொட்டகைத் தகரம் அதிர்ந்து
ஆணிப் பெட்டி தானாக நகர்ந்து கீழே விழுந்தது.
வெண்டல் தொப்பியைக் கழற்றினான்.
மரியாதைக்கா, வேர்வைக்கா, தெரியாது.

நவம்பரில் கூரைக்கு வந்தோம்.
கூரையை இறக்கினால்தான் இந்த வண்டிக்கு முகம்.
கண்ணாடிகள் இடுங்க வேண்டும்,
வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவனைப் போல.
தூண்களில் காகித நாடா ஒட்டினான்.
மூன்று அங்குலம், என்றேன்.
அவன் உயரம் ஆறடி நான்கு.
பால் பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்காரவைத்து
அளவுகோல் பிடித்தேன்:
மூன்று வெட்டினால் முடி உரசும்.
நான்கு வெட்டினால்
கழுத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

நான்கு, என்றான். நான்குதான் அழகு.

நீ எப்படி ஓட்டுவாய் என்று கேட்க நினைத்தேன்.
ரம்பத்துக்குப் புது அலகு மாட்டிக்கொண்டிருந்தான்,
முதுகைக் காட்டி.
பிறகு எங்கே கேட்பது? ஒரே சத்தம்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று முடிகிற வேலையில்லை.
தூண்கள் சாய்ந்தவை.
நான்கு அங்குலம் இறங்கிய கூரை
முன்தூண்களைத் தொடாமல்
பின்னாலேயே நின்றுவிட்டது, கோபித்துக்கொண்ட பிள்ளையாக.
கூரையை நடுவில் குறுக்காக அறுத்து
ஒரு பிளிமத் வேனின் தகரத்தை நடுவில் வைத்தோம்.
உயரத்தில் எடுத்ததை நீளத்தில் கொடுக்க வேண்டும்.
தத்துவமெல்லாம் இல்லை. தகரம் அப்படி.

ஒரே இடத்தில் நெருப்பு நின்றால் கோணிவிடும்.
இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு
என்று நான் வைத்துக்கொண்டே போக,
ஈரத்துணியோடு பின்னால் வந்தான் வெண்டல்.
ஸ்ஸ். ஸ்ஸ்.
குளிர்காலம் முழுக்க அந்த ஒலிதான்.

அடுத்த அக்டோபரில், பெயிண்ட் அடிக்காமல்,
சாம்பல் பிரைமரோடு வெளியே எடுத்தேன்.
கெரிங் முழுக்கச் சர்க்கரை ஆலையின் வாசனை.
பத்தாம் தெரு முனையில் நின்றபோதுதான் தெரிந்தது:
சிக்னல் விளக்கு
என் கூரைக்கு மேலே எங்கோ இருக்கிறது.
குனிந்தேன், ஸ்டியரிங்கில் தாடை இடித்தது.
பின்னால் பீட்ரூட் லாரி.

பக்கக் கண்ணாடி இடுக்கில் ஒரு பெல்ட் வந்து நின்றது.
காபிக் கோப்பை பிடித்த கை.
அந்த பக்கிளை எனக்குத் தெரியும்.

சிவப்பு, என்றது மேலேயிருந்து குரல்.
இன்னும் சிவப்புதான்.

பச்சை, மார்லிஸ்.

கிளட்சை அவசரமாக விட்டுவிட்டேன்.
ஒரு குலுங்கல். எஞ்சின் அணைந்தது.
லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
மறுபடி சிவப்பு, என்றான் வெண்டல்,
என் தலைக்கு மேல்
ஒட்டு எங்கே ஓடுகிறதென்று
விரலால் தேடிக்கொண்டே.